மூலைமனை மேஸ்திரி

ஃபிலடெல்ஃபியா நகரின் வடபகுதியில் ஒரு காலி மனையைச் சீர்செய்ய இறங்குகிறவர் முதலில் செய்வது புல் விதைப்பதல்ல, கடப்பாறையை இறக்கிப் பார்ப்பது. பெரும்பாலும் அது இறங்காது. அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்டவை. வரிசையில் ஒரு வீடு பாழாகி இடிக்கப்படும்போது, செங்கல்லையும் காரையையும் அதே வீட்டின் நிலவறைக்குள் தள்ளி, மேலே கொஞ்சம் மண்ணைப் பரப்பிவிட்டுப் போவது இடிப்பு வேலைக்காரர்களின் பழைய வழக்கம். அந்த மெல்லிய மண்ணில்தான் புல் முளைக்க வேண்டும், மரம் வேர்விட வேண்டும். குழி வெட்டினால் கதவுக் கைப்பிடி வரும், பீங்கான் தொட்டியின் உடைசல் வரும், சில நேரம் யாரோ ஒரு குழந்தையின் பொம்மைக் காரும் வரும்.

இந்த வேலையிலேயே தலை நரைத்த ஒருவரை இங்கே மேஸ்திரி என்றே சொல்லலாம். பெயர் அச்சில் வருவதில் அவருக்கு விருப்பமில்லை. கறுப்பினக் குடும்பம். தாத்தாவும் பாட்டியும் தெற்கே கரோலினாப் பக்கத்துப் பருத்திக் காடுகளை விட்டு, தொழிற்சாலை வேலை தேடி வடக்கே வந்தவர்கள். மேஸ்திரி பிறந்தபோது அவர்கள் தெருவில் காலி மனை என்று ஒன்றுகூட இல்லை. பள்ளியை முடிப்பதற்குள் வரிசை வீடுகளுக்கு நடுவே பொக்கை விழத் தொடங்கிவிட்டது.

1950-ல் அந்த நகரத்தின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2000-ல் அது 15 லட்சம்தான். நடுவில் ஆலைகள் மூடின, வேலை போனது, போக முடிந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். கௌபாய் படங்களால் உலகமே அறிந்த ஸ்டெட்சன் தொப்பியைச் செய்த பெரிய ஆலை கென்சிங்டன் பகுதியில்தான் இருந்தது. 1971-ல் அது அங்கே உற்பத்தியை நிறுத்தியது. இருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி நகரம் முழுவதும் ஏறத்தாழ 40,000 காலி மனைகள்.

காலி என்று சொன்னாலும் அவை காலியாக இருந்ததில்லை. வேறெங்கோ வீடு இடிப்பவர்கள் இரவில் லாரியைக் கொண்டுவந்து குப்பையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். முறையான கிடங்குக்குக் கொண்டுபோனால் பணம் கட்ட வேண்டுமே. பழைய டயர்கள், மெத்தைகள், குளிர்சாதனப் பெட்டிகள். அவற்றின் மேல் ஆளுயரப் புதர். போதை ஊசிகள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை உடம்பில் வைத்துக்கொண்டு போலீஸிடம் மாட்டுவதற்குப் பதில் புதருக்குள் டயருக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். வேண்டும்போது இரண்டு எட்டில் எடுத்துக்கொள்ளலாம். மேஸ்திரியின் குழுவில் புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் பாடம், ஊசி குத்தாத கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. இரண்டாவது பாடம், டயரைக் காலால் புரட்டாதே.

புதருக்கு மேலே நிற்பது அநேகமாக ஒரே மரம்தான். சீனத்திலிருந்து வந்த அய்லாந்தஸ். நம்மூர்த் தீப்பெட்டித் தொழிலுக்கு வளர்க்கும் பெருமரத்துக்குப் பங்காளி. 1784-ல் வில்லியம் ஹாமில்டன் என்ற செல்வந்தர் இதே ஃபிலடெல்ஃபியாவில் தன் தோட்டத்துக்கு அழகு மரமாக வரவழைத்தது. வட அமெரிக்காவில் அதற்கு முதல் வாசல் அதுதான். இன்று அடித்தளக் கல்லின் விரிசலிலும் அது முளைக்கிறது. வெட்டினால் வேரிலிருந்து பத்துக் குருத்து விடுகிறது. பசுமை என்று பார்த்தால் அந்த மனைகள் ஏற்கெனவே பச்சைப் பசேலென்றுதான் இருந்தன. எதிர்வீட்டுப் பெண்மணியிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்!

சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், காலி மனைகளுக்குப் பக்கத்தில் வாழும் ஐம்பது பேரிடம் உட்கார்ந்து பேசி 2013-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மனைகள் தெருவின் நல்லதையெல்லாம் மறைத்துவிடுகின்றன, அக்கம்பக்கத்து உறவை உடைக்கின்றன, பயமும் மனக்கலக்கமும் தருகின்றன என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். மேஸ்திரிக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அவர் தாயார் மாலையில் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கியதும், நேர்வழியை விட்டுவிட்டு ஒரு தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வருவார். நேர்வழியில் மூன்று மனைகள் இருந்தன. காலெல்லாம் வலித்தாலும் சுற்றித்தான் வருவார். அந்தச் சுற்றுவழியை எந்த மருத்துவரும் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டதில்லை.

இந்த மனைகளைக் கையில் எடுத்தது எதிர்பாராத ஒரு கூட்டம். பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் 1827-ல் தொடங்கியது. 1829-லிருந்து நடக்கும் ஃபிலடெல்ஃபியா மலர்க் கண்காட்சி அவர்களுடையது. ஆர்க்கிட் பூவுக்குப் பரிசு கொடுக்கும் சங்கம், தொண்ணூறுகளில் கென்சிங்டன் குடியிருப்பாளர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து டயர் அள்ள இறங்கியது. பிறகு மாநகராட்சிப் பணம் வந்தது, லேண்ட்கேர் என்ற பெயரில் திட்டம் ஊர் முழுக்கப் பரவியது. இன்று அதன் பராமரிப்பில் உள்ள மனைகள் சுமார் 12,000. எல்லாம் மாநகராட்சி நிலமல்ல. வரி கட்டாமல், ஆளே தெரியாமல் போன தனியார் மனைகளும் உண்டு. உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும், அவர் அசையாவிட்டால் நகரத்தின் சார்பில் உள்ளே நுழைந்து சுத்தம் செய்யலாம் என்பது ஏற்பாடு.

செய்முறை ரொம்ப எளிது. குப்பையை அள்ளு, புதரை வேரோடு எடு, மேட்டைத் தட்டு. நல்ல மேல்மண்ணும் மட்கிய உரமும் கலந்து பரப்பு, புல் விதை தூவு, நாலைந்து மரக்கன்று நடு. சுற்றிலும் இடுப்பளவு உயரத்துக்கு மரவேலி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு முறை வந்து புல்லை வெட்டி, விழுந்து கிடக்கும் குப்பையைப் பொறுக்கு. பூச்செடி இல்லை, நீரூற்று இல்லை, ஊஞ்சல்கூட இல்லை. 2018-ல் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி ஒரு மனைக்குச் சுமார் 1,600 டாலர், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 180 டாலர். அமெரிக்கக் கணக்கில் இது சில்லறைக் காசு.

மேஸ்திரியிடம் பேசினால் மூச்சுக்கு மூச்சு வேலியைப் பற்றித்தான் பேசுவார். இரண்டு குறுக்குச் சட்டம், நடுவே கம்பம், அவ்வளவுதான். தாண்டிக் குதிக்க நினைத்தால் சிறுவன்கூடக் குதித்துவிடுவான். ஆனால் லாரி பின்பக்கமாக ஏறிவந்து கொட்ட முடியாது, காரை ஏற்றி நிறுத்த முடியாது. கம்பிவலை போட்டிருந்தால் ஊர்க்காரர்களையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கும். அதனால்தான் வேலியில் ஓரிடத்தில் ஆள் நுழையும் இடைவெளி விடுவது கட்டாயம். அந்த இடைவெளியை எங்கே விடுவது என்பதில்தான் மேஸ்திரிகளின் கைவரிசை தெரியும். தெருவிளக்குக்கு நேராக இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வருகிறவருக்குக் குறுக்குவழியாக அமைந்தால் இன்னும் நல்லது. ஆள் நடமாட்டம் உள்ள மனையில் யாரும் டயர் போடத் தயங்குவார்கள்.

மரம் நடுவதிலும் கணக்கு உண்டு. வளர்ந்த மரத்தின் கீழ்க்கிளைகளைத் தலைக்கு மேல் வரை கழித்துவிட வேண்டும். நடைபாதையிலிருந்து பார்த்தால் மனையின் பின்சுவர் வரை பார்வை தடையில்லாமல் போக வேண்டும். மறைவு தருகிற எந்தப் புதரும் கூடாது. அடர்த்தியான செடிக்கூட்டத்தைக் கண்டால் வரைபடம் போடுகிறவர்களுக்கு மகிழ்ச்சி. ராத்திரிப் பணி முடிந்து வரும் செவிலியருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நெஞ்சு அடித்துக்கொள்வதைக்கூட அளந்து பார்த்துவிட்டார்கள். யூஜீனியா சவுத் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் கூட்டாளிகளும் அந்தத் தெருக்காரர்கள் சிலருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டி, குறித்த பாதையில் நடக்கவிட்டார்கள். சில மனைகள் சீரான பிறகு மறுபடி நடக்கவிட்டார்கள். சீர்செய்த மனை கண்ணில் படும் இடத்தில் துடிப்பு குறைந்தது. ஒப்பீட்டு மனைகளை வைத்துக் கழித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட துடிப்புகள். கட்டுரை 2015-ல் வந்தது. நடந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான், இதை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் மேஸ்திரியின் தாயார் சுற்றுவழியில் நடந்ததற்கு ஒரு கணக்கு கிடைத்தது.

பெரிய சோதனை அடுத்து நடந்தது. நகரம் முழுவதிலுமிருந்து 541 மனைகளைத் தேர்ந்தெடுத்து, 110 தொகுதிகளாகப் பிரித்து, எதற்கு என்ன செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். ஒரு பங்குக்கு மண், புல், மரம், வேலி என்று முழு வேலை. ஒரு பங்குக்குக் குப்பை அள்ளுவதும் இயன்ற அளவு புல் வெட்டுவதும் மட்டும். மூன்றாவது பங்கை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த மூன்றாவது பங்கு குழுக்காரர்களுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு மனையைச் சீர்செய்துவிட்டு அதைவிட மோசமான இன்னொன்றை எப்படி விட்டுவைப்பது? அக்கம்பக்கத்தார் கேட்டால் என்ன சொல்வது? வேறு குழுக்களின் மேஸ்திரிகள் மதிய உணவு நேரத்தில் இதைச் சொல்லிப் புலம்பியதை நம் மேஸ்திரி கேட்டிருக்கிறார்.

முடிவு 2018-ல் வந்தது. முன்னும் பின்னும் பேட்டி கொடுத்தவர்கள் 342 பேர். முழு வேலை நடந்த மனைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களில், மனம் சோர்ந்திருப்பதாகச் சொல்வது ஒப்பீட்டுக் குழுவைவிட 41.5 சதவீதம் குறைந்திருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளை மட்டும் எடுத்தால் 68 சதவீதத்துக்கும் மேல். தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணமும் மொத்தத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இவை மருத்துவர் பரிசோதித்துச் சொன்னவை அல்ல, அவரவரே சொன்ன பதில்கள்.

தொழில்காரர்களைத் திகைக்கவைத்தது நடுப்பங்கு. குப்பையை மட்டும் அள்ளிய மனைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் மனநிலையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. வேலையின் முக்கால் பங்கே குப்பை அள்ளுவதுதான் என்பது இத்துறையில் எல்லோருடைய நினைப்பு. முதுகு உடைவது அதில்தான், லாரி லாரியாகப் போவதும் அதுதான். அந்த மனைகளுக்கும் மாதாமாதம் ஆள் போய்ச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அள்ளிய பிறகு அங்கே மிஞ்சுவது கல்லும் மொட்டை மண்ணும். உட்கார அங்கே என்ன இருக்கிறது? அடுத்த லாரி வரும் வரைக்கும் ஒரு இடைவேளை, அவ்வளவுதான் என்று தெருக்காரர்கள் நினைத்திருக்கலாம் என்பது மேஸ்திரியின் ஊகம். வேலியும் மரமும் வந்துவிட்டால் கணக்கே வேறு. மரம் நடுகிறவன் திரும்பி வருவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதே மனைகளைக் கொண்டு சார்லஸ் பிராணஸ் தலைமையில் நடந்த மற்றொரு கணக்கெடுப்பில், மனைகளைச் சீர்செய்த ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. வீட்டை விட்டு வெளியே போக அஞ்சுவது பாதிக்கும் கீழே போனது, வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது முக்கால் பங்கு கூடியது. வன்முறை குறைந்ததால் மக்கள் வெளியே வந்தார்களா, மக்கள் வெளியே வந்ததால் வன்முறை குறைந்ததா? இரண்டும்தான் என்பார் மேஸ்திரி. துப்பாக்கியை ஒளிக்கப் புதர் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏழைத் தெருவின் மனச்சுமை எப்படி உடம்பில் இறங்குகிறது என்பதைக் கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் வேறு வழியில் பார்த்தார்கள். ஜென்னி ரோ, கேத்தரின் வார்டு தாம்சன் முதலியோர், வேலையில்லாமல் பின்தங்கிய பகுதிகளில் வாழ்ந்த நடுவயதுக்காரர்களிடமிருந்து எச்சில் மாதிரி சேகரித்தார்கள். தூங்கி எழுந்து மூன்று, ஆறு, ஒன்பது மணி நேரம் கழித்து, இரண்டு நாள். கார்டிசால் என்ற சுரப்பு காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச்சாய இறங்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பசுமை கூடுதலாக இருந்த இடங்களில் அந்த இறக்கம் சீராக இருந்தது. 106 பேரைக் கொண்ட 2013 ஆய்வில் பசுமை குறைந்த பகுதிப் பெண்களுக்குக் கார்டிசால் எகிறியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்களுக்கோ அது தாழ்ந்து, நாள் முழுக்கத் தட்டையாகக் கிடந்தது. நெடுநாள் நெருக்கடியில் தேய்ந்துபோன உடம்பின் அடையாளமாக ஆய்வாளர்கள் அதைப் பார்த்தார்கள். ஆண்களிடம் இந்த வேறுபாடு இப்படித் தெரியவில்லை. வீட்டிலும் தெருவிலும் அதிக நேரம் இருப்பவர் யார் என்று கேட்டுப்பார்த்தால் காரணம் கொஞ்சம் பிடிபடலாம்.

ஃபிலடெல்ஃபியாவில் பூங்காவே இல்லாமலில்லை. ஃபேர்மவுண்ட் பூங்கா 2,000 ஏக்கருக்கும் மேல். ஆனால் இரண்டு பேருந்து மாறிப்போய்ப் பார்க்கும் பசுமை வேறு, சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரியும் பசுமை வேறு. மூட்டுவலிக்காரருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் இரண்டாவதுதான் பசுமை.

இவ்வளவு நன்மை இருக்கிறதே, தெருக்காரர்கள் ஓடிவந்து வரவேற்பார்கள் என்று எண்ண வேண்டாம். முதல் நாள் லாரி வந்து நின்றதும் வரும் கேள்வி, “யாருக்கு விற்கப்போகிறீர்கள்?” அந்தப் பகுதிகளில் திடீரென்று நகரத்தின் கவனம் விழுந்தால், பின்னாலேயே நில வியாபாரி வருவான் என்பது அனுபவப் பாடம். மரத்துக்கும் எதிர்ப்பு உண்டு. வேர் கழிவுநீர்க் குழாயை உடைக்கும், நடைபாதையைத் தூக்கும், அதைச் சரிசெய்யும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழும். இலை கூட்டுவது யார்? இவையெல்லாம் நியாயமான கேள்விகள். மேஸ்திரி வாதாடுவதில்லை. தெருவின் மூத்த பெண்மணி யார் என்று விசாரித்து, அங்குள்ள மரியாதைப்படி பெயருக்கு முன் ‘மிஸ்’ சேர்த்துக் கூப்பிட்டு, அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து முதலில் அவர் சொல்வதைக் கேட்பார். மரம் எங்கே வேண்டாம் என்பதை அவர் சொல்லிவிடுவார். காய்கறி போடலாமா என்று கேட்பவர்களிடம் மட்டும் மேஸ்திரி கறாராக இருப்பார். பழைய வீடுகளின் ஈயப் பெயின்ட் அந்த மண்ணில் கலந்திருக்கிறது. பலகைப் பாத்தி கட்டி வெளி மண் நிரப்பினால் மட்டும் கீரை போடலாம்.

குழுவில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர்கள். சிலர் சிறையிலிருந்து வந்தவர்கள். அப்படி வருவோருக்குத் தோட்ட வேலை கற்றுத்தரும் திட்டத்தையும் சங்கம் நடத்துகிறது. ஒருகாலத்தில் எந்த மனையின் புதரில் எதை ஒளித்தார்களோ அதே மனையில் இப்போது புல்வெட்டும் இயந்திரத்தோடு நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தச் சுவர் ஓரம் ஜாக்கிரதை என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை.

நில வியாபாரி வருவான் என்ற பயம் வெறும் பயமல்ல. கென்சிங்டனின் தென்கோடியிலும் அதை ஒட்டிய ஃபிஷ்டவுன் பக்கமும் மேஸ்திரி காலத்தில் சீரான மனைகள் பலவற்றில் இன்று பளபளக்கும் மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. லேண்ட்கேர் தொடக்கத்திலிருந்தே இடைக்கால ஏற்பாடுதான். மனையை விற்கத் தடையில்லை, சுத்தமான மனை சீக்கிரம் விலைபோகும் என்பதும் கணக்கில் இருந்தது. குப்பைமேட்டுக்கு எதிரே இருபது ஆண்டு பொறுத்திருந்தவர்களில் வாடகைக்கு இருந்தோர், மரம் நிழல் தரத் தொடங்கிய காலத்தில் வாடகை ஏறி வெளியேறினார்கள். சொந்த வீடு வைத்திருந்தவர்களுக்கு வரி ஏறியது. சீர்செய்வதை நிறுத்திவிடலாமா என்றால் மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது. வாடகையைக் கட்டுப்படுத்துவதும் ஏழைகளுக்கு வீடு கட்டுவதும் நகரத்தின் வேலை, அதைச் செய்யாததற்குப் புல்லைக் குற்றம் சொல்லாதே என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நகரம் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதைத் தள்ளிப்போட முடிவதற்குக் காரணம், புல் அவ்வளவு மலிவாக இருப்பதுதான்.

அவர் குழு பராமரிக்கும் மனைகளில் ஒன்றில் அண்மையில் வேலி இடைவெளியைப் பற்றியே தகராறு. கோடைக்கால இரவுகளில் இளைஞர்கள் நான்கு சக்கர பைக்குகளில் உள்ளே புகுந்து புல்லை உழுதுவிடுகிறார்கள், இடைவெளியை அடைத்துவிடு என்றது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை கறி சுடுவதற்கு அடுப்பை எப்படிக் கொண்டுபோவது என்றது இன்னொரு பக்கம். மேஸ்திரி ஒரு சக்கர நாற்காலியைக் கடன் வாங்கிவந்து, அது தாராளமாக நுழையும் அகலம் விட்டு, இடைவெளியை ஒரு கம்பத்தால் குறுக்கினார். சக்கர நாற்காலி நுழையும், கறி சுடும் அடுப்பு நுழையும், பைக் நுழையாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. குழுவின் பெரிய புல்வெட்டும் வண்டியும் நுழையாது என்பது அடுத்த முறை வந்தபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு மனைக்கு மட்டும் இப்போது கையால் தள்ளும் இயந்திரம், அதைத் தள்ளுவது யார் முறை என்று லாரியிலேயே சண்டை.